கண்ணாடி மூடும்போது நீ காட்டிய ஊர்

என் செல்விக்கு,

கால் வலிக்கிறது. முதல் வரியே புலம்பலா என்று நீ முறைப்பது தெரிகிறது. என்ன செய்ய? இன்று காலை உன் அப்பாவையும் அம்மாவையும் விமானம் ஏற்றிவிட்டு வந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். நாலு நாளாக அவர்களையும் நம் மகள் பவியையும் இழுத்துக்கொண்டு சிங்கப்பூரைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். நான்! லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இந்த ஊரிலேயே பிறந்தும் அடுக்குமாடி புளோக் புளோக்காக மேலே போய்க் கீழே வந்ததைத் தவிர இங்கே எதைக் கண்டேன்?

உன் முதல் வருஷத் திதிக்குத்தான் அறந்தாங்கியிலிருந்து வந்தார்கள். திதி முடிந்த மறுநாள் மாமா பையிலிருந்து ஒரு டைரியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ போனில் அவரிடம் சொன்ன இடங்களெல்லாம் அதில் இருந்தன. ‘செல்வி இன்று மெர்லயன் பார்த்தாள்.’ ‘செல்வி, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் கரையோரப் பூந்தோட்டம் போனார்கள்.’ குண்டு குண்டான கையெழுத்து.

“இதெல்லாம் அவ நின்ன எடத்துலயே நின்னு பாக்கணும் மாப்ள. வேற ஒண்ணும் வேணாம்” என்றார்.

அந்த இடங்களில் ஒன்றுக்குக்கூட நாம் போனதில்லையே செல்வி! நீ துணி மடித்துக்கொண்டே போனில் அளந்துவிடுவாய். நான் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து சோபாவில் கிடப்பேன். “ஏன் இப்படிப் புளுகுற?” என்று ஒரு தடவை கேட்டேன். “அப்பா சந்தோஷப்படுறாரு, விடுங்க” என்றாய். விட்டேன். அது இப்படி டைரியில் ஏறிக் கடல் தாண்டி வரும் என்று யார் கண்டது?

முதலில் சைனாடவுன் மாரியம்மன் கோயில். அத்தை உள்ளே நுழைந்ததுமே கேட்டார்: “தீமிதிக்கு இங்க வந்தாளாமே தம்பி, எந்தப் பக்கம் நின்னா?” நான் ஏதோ ஒரு தூணைக் காட்டினேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அத்தை அந்தத் தூணில் உள்ளங்கையை வைத்தார். பிறகு கன்னத்தை வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“அம்மாச்சி ஏன் தூணக் கட்டிப் பிடிக்கிறாங்க?” என்று பவி கேட்டாள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மத்தியானம் மெர்லயன், வாயால் தண்ணீர் கொட்டும் அந்தச் சிங்கச் சிலை. அங்கே ஒரு கம்பித் தடுப்பைக் காட்டினேன். வெயிலில் கொதித்துக் கிடந்த கம்பி. “ஸ்ஸ்” என்று கையை எடுத்த அத்தை, முந்தானையைச் சுற்றிக்கொண்டு மறுபடி அதையே பிடித்தார். மாமா டைரியில் டிக் போட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பாய். நீ இங்கே சந்தோஷமாக இருந்தாய் என்பதற்கு அவர்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்த டைரிதான். அதை எப்படிப் பிடுங்குவேன்? இன்னொரு காரணமும் இருந்தது. அது வெள்ளிக்கிழமை தெரிந்தது.

அன்று சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் இலை போட்டுச் சாப்பிட்டோம். பவி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

“மாப்ள, கோவிச்சுக்காமக் கேளுங்க. புள்ளைக்கு வர்ற வருஷம் ஒண்ணாங்கிளாஸ். டிசம்பர்ல வந்து நாங்க கூட்டிட்டுப் போயிடறோம். வீட்டுக்கிட்டயே நல்ல ஸ்கூல் இருக்கு. ஒண்டியாளா நீங்க என்ன பண்ணுவீங்க? நாங்க கெளம்புறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லுங்க.”

நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. சூப்பர்வைசர், வழக்கமான ‘லா’வோடு.

“எங்க இருக்க? ஒரே ஒரு லிஃப்ட்டுதான் லா, வந்துட்டுப் போயிடு.”

“நான் லீவுல இருக்கேன் பாஸ்.”

“லீவுன்னு தெரியும் லா. ஆளு இல்ல, அதான் கேக்கறேன்.”

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மோரை இலையில் ஊற்றினார். அதற்குமேல் அவர் பேச வேண்டிய அவசியமே இல்லை, பார்த்தாயா?

உன்னிடம் மறைக்க மாட்டேன். நீ திட்டினால் திட்டு. ‘சரி மாமா’ என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. அவ்வளவு சோர்வு செல்வி. காலையில் எழுப்பி, தலை பின்னத் தெரியாமல் பின்னி, மழலையர் பள்ளியில் கடைசிப் பிள்ளையாக அவள் பையோடு உட்கார்ந்திருக்கும்போது ஓடிப்போய்க் கூட்டிவந்து, முட்டை பொரித்து, யூனிஃபார்ம் துவைத்து. ஒரு வருஷமாக ஒரு நாள்கூட நான் முழுசாகத் தூங்கவில்லை. அவளுக்கு அங்கே நேரத்துக்குச் சாப்பாடாவது கிடைக்கும். அவளை அனுப்பிவிட்டு நான் படுத்துத் தூங்கலாம். இப்படி நினைத்தேன். நினைத்த உடனே என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. “யோசிக்கிறேன் மாமா” என்று மட்டும் சொன்னேன். மறுநாள் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன்.

நீ சொன்ன எந்த இடத்துக்கும் நாம் போகவே இல்லை என்று தெரிந்தால் மாமா என்ன நினைப்பார்? பெண்டாட்டிக்கே ஊரைக் காட்டாதவன் பிள்ளையை எங்கே வளர்க்கப் போகிறான் என்று நினைக்க மாட்டாரா? அதனால் வாயை மூடிக்கொண்டு கண்ட தூணையெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஞாயிறு. டைரியில் பாக்கி இருந்தது கரையோரப் பூந்தோட்டம் மட்டும்தான். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் எந்தப் பக்கம் போவதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவன்போல நடந்தேன். ஒரு முட்டுச் சந்து, ஒரு பாலம், மறுபடி அதே பாலம். பவி கால் வலிக்கிறதென்று என் தோளில் ஏறிவிட்டாள். அத்தை பாலத்தின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஒரு காவலாளியிடம் ஆங்கிலத்தில் வழி கேட்டேன். கேட்டுவிட்டுத் திரும்பினால் பின்னாலேயே மாமா நிற்கிறார்.

“மாப்ள, நீங்களும் இங்க மொத தடவையா?”

பொய் சொல்லத் தெம்பில்லை. “ஆமா மாமா” என்றேன்.

“அவளும் வந்ததில்ல?”

“இல்ல மாமா. எங்கயுமே போனதில்ல. லீவு கெடைக்காது. கெடைச்சா நான் தூங்கிடுவேன்.”

அவர் டைரியை மூடிப் பைக்குள் வைத்தார். அத்தை தன் உள்ளங்கையைப் பார்த்தார். “அப்ப அந்தத் தூணு?” என்றார். பூந்தோட்டத்தைப் பார்க்காமலே திரும்பினோம்.

நம் வீட்டுப் பக்கத்துச் சுவா சூ காங் நிலையத்தில் இறங்கியதும் பவி என் கையை இழுத்தாள். எல்ஆர்டி குட்டி ரயில் பக்கம்.

“அப்பா, இதுல போலாம்.”

“அங்க நமக்கு என்ன வேலை? சும்மா ஒரு சுத்து சுத்திட்டு இங்கயேதான் வந்து நிக்கும்.” இந்த ஒரு வருஷத்தில் இதை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ!

“புள்ள ஆசையாக் கேக்குதுல்ல” என்று மாமா முன்னால் நடந்தார். என்மேல் கோபம். என்னோடு வீட்டுக்கு வரப் பிடிக்காத கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏறினோம். அந்தக் குட்டி ரயில் வீடுகளை உரசுகிற மாதிரி போகும், உனக்குத் தெரியுமே. சன்னலுக்கு நேராகப் புளோக் வந்தால், அந்த வீட்டுக்காரர்களை நாம் பார்த்துவிடக் கூடாதென்று கண்ணாடி தானாக வெளுத்து மறைத்துவிடும், தாண்டியதும் தெளியும். முதல் தடவை அப்படி வெளுத்ததும் பவி துள்ளினாள்.

“தாத்தா, கண்ணாடி மூடிடுச்சு! சீக்கிரம், இப்ப எங்க போறோம்னு கேளுங்க!”

“எங்க போறோம் தங்கம்?”

“மெர்லயன்! அம்மா இங்கதான் மெர்லயன் காட்டுவாங்க. கண்ணாடி தொறக்கறதுக்குள்ள வாயில எப்படித் தண்ணி ஊத்துதுன்னு சொல்லணும். அப்பா தூங்குவாருல்ல, சண்டே சண்டே நாங்க வருவோம்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் ரெண்டு மணி நேரம் வீடு சத்தமில்லாமல் இருக்கும். “காத்தாடப் போயிட்டு வர்றோம்” என்று நீ அவளைக் கூட்டிக்கொண்டு போவாய். நான் தூங்கட்டும் என்று. எங்கே போனீர்கள் என்று ஒரு நாளாவது எழுந்து கேட்டேனா, பாவி!

மாமா மெல்ல டைரியை வெளியே எடுத்தார்.

“மாரியம்மன் கோயிலு எங்க வரும் பவி?”

“அது பெண்டிங் ஸ்டேஷன்ல. தீ மேல நடக்கறப்ப கால டப்பு டப்புன்னு வைக்கணும், அம்மா செஞ்சு காட்டுவாங்க.”

“பூந்தோட்டம்?”

“செகார் ஸ்டேஷன் தாண்டி. அங்க ரொம்ப நேரம் மூடியிருக்கும், நெறைய பூ சொல்லலாம்.”

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாமா அந்த நிறுத்தத்தின் பெயரை எழுதினார். முன்பு அந்த இடங்களில் போட்ட டிக்குகளை அடிக்கவில்லை.

அத்தை எழுந்தார். “அவ எங்க உக்காருவா சாமி?”

“உக்கார மாட்டாங்க. நான் சன்னல்ல பாக்கணும்ல, பின்னாடி நிப்பாங்க. இந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டு.”

அத்தை அந்தக் கம்பியைப் பிடித்தார். குளிர்ந்த கம்பி. ரயில் வளைவில் ஆடியது, அவர் விடவில்லை. “அங்கயும் தொட்டாச்சு, இங்கயும் தொட்டாச்சு” என்றார், என்னைப் பார்த்துத்தான். நான் அழுதேன். எதிரே இருந்த பெண் எழுந்து டிஷ்யூ கொடுத்தாள்.

அழுகையோடு அழுகையாகச் சொன்னேன்: “மாமா, பவி இங்கயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் தெரியல, ஓஞ்சு போயிருக்கேன். ஆனா எங்கூடவே இருக்கட்டும்.”

“இத வாயத் தொறந்து சொல்ல ஒங்களுக்கு மூணு நாளா?” என்றார் மாமா. “யோசிக்கிறேன், யோசிக்கிறேன்னா நான் என்னன்னு எடுத்துக்கிறது? நீங்களே வேணும்னு சொல்லாத புள்ளய எப்படி விட்டுட்டுப் போறது?” டைரியை மூடிக்கொண்டே சொன்னார்: “ஞாயித்துக்கெழம போன் வரணும். போன எடத்தத்தான் சொல்லணும்.”

மூன்று சுற்று சுற்றினோம். பவி அத்தை மடியில் தூங்கிப் போனாள்.

சூப்பர்வைசரிடம் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும் லா.

உனக்கு வாக்குத் தருகிறேன். இனி ஞாயிறன்று நானும் எழுந்து வருவேன். தூக்கம் வந்தால் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குகிறேன். வருகிற தீமிதிக்குப் பவியைக் கூட்டிக்கொண்டு போய், உன் அம்மா கன்னம் வைத்த அந்தத் தூணருகிலேயே நிற்பேன். நீ சொன்ன இடங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், அந்தந்த ஞாயிறே உன் அப்பாவுக்குப் போன் போடுவேன். நீ சொன்ன பொய்யெல்லாம் கொஞ்சம் தாமதமாக உண்மையாகும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
நீ வீட்டில் தூங்க விட்டுப்போன உன் வீட்டுக்காரன்,
பவியின் அப்பா