எங்கள் போட்டின் படம்

குறிஞ்சிப்பிட்டி

அன்பு மகன் றொபிக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் நீ அங்கு நலமாய் இருக்க வேண்டும், இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் கதைத்தால் கத்திவிடுவேன், அதனால் இத்தாலிக்குத் திரும்பும் மக்தலேனாவின் மகளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

காற்றில் போட் கவிழ்ந்து அப்பாவின் தோள் எலும்பு முறிந்ததையும், அவரையும் தம்பி நிலுக்சனையும் செய்னுலாப்தீன் நானா தன் போட்டில் ஏற்றி வந்ததையும் உனக்குச் சொன்னேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. புத்தளம் ஆஸ்பத்திரிக்கு அப்பாவைப் பார்க்க வந்த நம் ஊர் ஷானிகா, என்னை வெளியில் கூப்பிட்டுப் போனை நீட்டி, றொபி அண்ணன் எவ்வளவு வடிவா எழுதியிருக்கார் பாருங்க அன்ரி என்றாள். பார்த்தேன். வானிலை அலுவலகத்தார் சிங்களத்தில் மட்டும் பேஸ்புக்கில் போட்ட காற்று எச்சரிக்கையை நீ தமிழாக்கி, கடலுக்குப் போகாதீர்கள் என் மக்களே என்று போட்டிருக்கிறாய். மேலே எங்கள் போட்டின் படம். அப்பா அந்தப் போட்டைத் தள்ளிக்கொண்டு பின்னேரம் கடலுக்குப் போன அன்று, காலையிலேயே போட்டது. கனடாவில் இருந்தெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறார்கள், நீயும் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதியிருக்கிறாய். அவர்களில் யாரடா கடலுக்குப் போகிறவன்?

அலுவலகத்தார் மீதும் எனக்குக் கோபம்தான், தமிழில் அவர்கள் போட்டது மறுநாள், எல்லாம் முடிந்த பிறகு. ஆனால் அவர்கள் எனக்கு வாக்குத் தரவில்லை, நீ தந்தாய். சிங்களப் பள்ளியில் படித்தவன் என்று கோயில் ஸ்பீக்கரில் காற்றுச் செய்தியைத் தமிழில் வாசித்தவன் நீ. புறப்படும்போது, நான் அங்கயிருந்து பார்த்து அப்பாவுக்குக் கோல் எடுத்துச் சொல்லுவன், பயப்படாதீங்க என்றாய். அதன் பிறகு அப்பா வேறு யாரையும் கேட்பதில்லை. உன் கோல் வராவிட்டால் கடல் நல்லது என்று அவருக்குக் கணக்கு. அன்று பின்னேரமும் தன் பட்டன் போனை எடுத்துப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை, சந்தோசமாய்ப் போனார். ஊருலகத்துக்கெல்லாம் சொன்ன பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் விட்டதை என்னால் தாங்க முடியவில்லை மகன்.

தம்பி சுகம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. எவ்வளவு கோபம் என்றாலும் செபமாலையில் முதலில் உன் பெயர்தான் வருகிறது, மாதா உன்னைக் காப்பாற்றுவாள்.

ஒன்றை மறந்துவிடாதே. அந்தப் படத்தை அப்பாவுக்கு நான் காட்டவில்லை, ஷானிகாவையும் காட்ட விடவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவர், பாவம் என்ட மகன், அவனுக்குத் தெரிஞ்சிருந்தா உடனே கோல் எடுத்திருப்பான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மையை நீதான் அவருக்குக் கோல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
றீற்றா