மணிக்கயிற்றில் ஒரு முடிச்சு

தங்கச்சி,

முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டதால் இந்த உலகத்தில் எவனும் உருப்பட்டதில்லை. இந்தக் கருத்தில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

நீ காய்ச்சலில் படுத்துவிட்டதால், உன் சாரணர் படை சர்ச் ஹாலைக் காலி செய்ய வேண்டுமா என்று முடிவெடுக்கும் கமிட்டிக் கூட்டத்துக்கு நான் போனேன். "நீ போய்ப் பேசினா ஹால் போயே போச்சு" என்று போர்வைக்குள்ளிருந்து கத்தினாயே, எழுந்து உட்கார்ந்து படி: ஹால் உங்களுக்கே! சனிக்கிழமைதோறும்!

கமிட்டிச் செயலாளர் எழுந்து, "சாமி வீட்டுல கயித்த வெச்சு விளையாடுறாங்க" என்றார்.

"ஐயா, காலையில எந்தக் கயித்தை இழுத்து மணி அடிச்சீங்க? அறுந்த கயித்தை முடிச்சுப் போட்டு இணைச்சது என் தங்கச்சியோட சாரணப் பசங்கதான்" என்றேன்.

பாதிரியாரே சிரித்துவிட்டார். அப்புறம் எல்லாக் கையும் மேலே. செயலாளர் கையும்தான், கடைசியாக.

ஃபிளாஸ்கில் சூப் இருக்கிறது. குடித்துவிட்டு மாத்திரை போடு, ஆட்டமெல்லாம் அப்புறம். ஹால் சாவியை உன் சாரணர் ஸ்கார்ஃபில் கட்டி வைத்திருக்கிறேன்.

அண்ணன்

முடிச்சு கொஞ்சம் கோணல்தான். உன் கையேட்டைப் பார்த்து நாலு தடவை அவிழ்த்துக் கட்டியும் இவ்வளவுதான் வந்தது. அம்மாவிடம் சொல்லாதே.