ஓட்டுமேட்டில் தண்ணீர்த் தொட்டி எழும்புகிறது, பத்மா

என் பத்மாவுக்கு,

நேரில் சொல்லும்படி இருந்திருந்தால் முதலில் உன்னை உட்கார வைத்திருப்பேன். ஓட்டுமேட்டில் நீ மூடி வைத்த கிணறு போய்விட்டது. தண்ணீர்த் தொட்டிக்குக் குழி எடுத்தபோது ஜே.சி.பி. நேராக அதன் மேலேயே இறங்கிவிட்டது. எனக்குப் போன் போட்டுச் சொன்னது யார் தெரியுமா? அஞ்சலை அண்ணி. உன் கடைசி ஐந்து வருஷமும் உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்த அதே அண்ணிதான்.

இதை நம் சனங்களும் படிப்பார்கள், உன்னோடு வேலை பார்த்தவர்களும் படிப்பார்கள். உன்னைப் பற்றி இரண்டு பக்கமும் பேசிய பேச்சு உனக்குத் தெரியும். அதனால் நமக்குத் தெரிந்த கதையையே அவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

சிதம்பரம் கீழவீதியில் பிறந்த பெண் கடலூர் மீனவக் குப்பத்துக்கு மருமகளாக வந்ததையே எங்கள் தெரு அதிசயமாகப் பார்த்தது. அவள் தொல்லியல் துறையில் வேலை பார்க்கிறாள், மண்ணைத் தோண்டி ஓடு பொறுக்கச் சம்பளம் வாங்குகிறாள் என்றதும் என் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஓட்டுமேட்டை, கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாய். கால் வைத்த இடமெல்லாம் பானை ஓடு. வேலிக்காத்தான் முள்ளுக்குள் நீ குனிந்து குனிந்து நடந்ததைப் பார்த்து, ஆடு மேய்த்தவர் என்னிடம் கேட்டாரே, "சார், ஒங்க வீட்டம்மா எதையாச்சும் தொலச்சிட்டாங்களா?" என்று. அடியில் பழைய ஊர் ஒன்று இருக்கிறது என்று சொன்னாய். அதைத் தோண்ட அனுமதி கேட்டு வருஷக்கணக்கில் எழுதினாய்.

அப்புறம் 2004 டிசம்பர். அஞ்சலை அண்ணியின் வீட்டுக்காரர், என் கூடப்பிறந்த ராமலிங்கம் அண்ணன், கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். கடல் வந்தது. அண்ணனை மறுநாள்தான் கண்டெடுத்தோம். வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. அண்ணியையும் பிள்ளைகளையும் டவுனில் இருந்த நம் வாடகை வீட்டுக்குக் கூப்பிட்டோம். "வேணாம் தம்பி. நம்ம சனத்தோட இருந்தாதான் வீடு குடுக்கறப்ப எங்க பேரும் இருக்கும்" என்று சொல்லி, அரசாங்கம் போட்ட தார் ஷீட் கொட்டகைக்கே போய்விட்டார்.

அதிகாரிகள் புது வீடுகளுக்குக் கடல் எட்டாத மேடான இடம் தேடினார்கள். ஓட்டுமேட்டைத்தான் பிடித்தார்கள்.

நீ ஒரே ஒரு கோடைக்காலம் கேட்டாய். கொடுத்தார்கள். இத்தனை வருஷம் கேட்டுக் கிடைக்காத அனுமதி, இப்படித்தான் உனக்குக் கிடைத்தது. உன் குழிகள் முடியும்வரை வீட்டு வேலை நின்றது. அண்ணி மேட்டுக்கே வந்து உன்னைக் கேட்டார்.

"எங்களுக்கு வீடு கட்டற எடத்துல நீ என்ன பண்ற பத்மா?"

"கொஞ்ச நாள்தான்க்கா. மழைக்கு முன்ன முடிச்சிடுவேன். மேல வீடு வந்துட்டா அப்பறம் யாராலயும் பாக்க முடியாது."

"பாத்து?"

அண்ணி திரும்பி நடந்துவிட்டார்.

சித்திரை வெயிலில் அந்தக் கிணறு தென்பட்டது. சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறு. அன்றைக்கு நீ சோற்றைப் பிசைந்தபடி பேசிக்கொண்டே இருந்தாய். இந்த உப்பு மண்ணில் நல்ல தண்ணீர் எங்கே ஊறும் என்று அந்தக் காலத்தில் யாரோ தேடித் தேடித் தோண்டியிருக்கிறார்கள் என்றாய். அடிவரை போனால் தவறி விழுந்த குடம் கிடைக்கும், எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம் என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் சுகந்திக்கு வாந்தியும் காய்ச்சலும் கண்டது. அண்ணனின் சின்ன மகள், இன்னும் பள்ளிக்கூடம் சேராத பிள்ளை. தார் ஷீட்டுக்கு அடியில் அந்த வெக்கையில் பெரியவர்களாலேயே மூச்சுவிட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழந்தையின் உடம்பில் தாங்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. விடிவதற்குள் போய்விட்டாள்.

கொட்டகைக்கு வெளியே அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். கையில் மேட்டு மண் காய்ந்து கிடந்தது. அண்ணி அதையே பார்த்தார்.

"பள்ளம் தோண்டி முடிச்சிட்டியா பத்மா?"

மேட்டைப் பிடித்த அன்றைக்கே வேலை தொடங்கியிருந்தாலும் வீடு எழும்ப வருஷம் ஆகியிருக்கும், சுகந்தி அதில் தூங்கியிருக்க மாட்டாள். இதை நான் உன்னிடம் எத்தனையோ தரம் சொன்னேன். ஒரு தரமும் நீ தலையாட்டவில்லை.

குழிகளை மூடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாய்.

"கெணத்தோட அடி இன்னும் தெரியலன்னியே" என்றேன்.

"தெரிய வேணாம்ங்க."

ஆனால் சும்மா விட்டுவிட்டும் வரவில்லை நீ. கிணற்றுக்குள் பிளாஸ்டிக் தாள் விரித்து ஆற்று மணல் நிரப்பினாய். பின்னால் எவராவது தோண்டினால், ஏற்கெனவே பார்த்து மூடிய இடம் என்று தெரியட்டும் என்றாய். வீட்டு இன்ஜினியரிடம் நாள் கணக்கில் நின்று, அந்தத் துண்டு நிலத்தில் மட்டும் வீடு வராமல் பொது இடமாக விட வைத்தாய். தெருக்கள் அதைச் சுற்றி வந்தன. பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் ஆடினார்கள். கீழே கிணறு பத்திரமாக இருந்தது.

இதையெல்லாம் யார் கணக்கில் எடுத்தார்கள்? குடும்பத்துக்காக இடத்தைக் காவு கொடுத்துவிட்டாள் என்று உன் ஆட்கள் சொன்னார்கள். பானை ஓட்டுக்காகப் பிள்ளையைக் காவு கொடுத்துவிட்டாள் என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். உடைந்த சிலைகளைப் போட்டு வைத்த கொட்டகை ஒன்றைக் காக்கச் சொல்லி உன்னைச் சிதம்பரத்துக்கு மாற்றினார்கள். நீயும் தினம் பஸ் ஏறிப் போய் அவற்றைத் துடைத்துவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு ஒரு குழிக்குள்ளும் நீ இறங்கவில்லை. மார்பில் கட்டி என்று தெரிந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து, 2010இல் போய்விட்டாய். அன்றைக்கு அண்ணி தெருமுனைவரை வந்தார். உன்னைத் தூக்கிப் போனதும் திரும்பிப் போய்விட்டார்.

இப்போதைய செய்தி இதுதான். போன வருஷக் கடைசியில் புயல் அடித்தது. உன் மேட்டு வீடுகள் நின்றன. ஆனால் கம்பங்கள் எல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. பெண்கள் குடம் தூக்கி அலைந்தே ஓய்ந்தார்கள். அதனால்தான் பெரிய தொட்டி கேட்டார்கள். தொட்டி கட்டக் காலி இடம் வேண்டுமே. ஊரில் இருந்ததே ஒரு காலி இடம்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கறுப்புச் சேறு, கிழிந்த பிளாஸ்டிக் தாள், உடைந்த வளையங்கள். எது மேலே இருந்தது, எது அடியில் இருந்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. நீ எட்டாமல் விட்ட அடியை அந்த இயந்திரம் ஒரு நிமிஷத்தில் எட்டிவிட்டது.

அண்ணி சேற்றில் உட்கார்ந்து, துண்டுகளை ஒரு பெயிண்ட் வாளியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்துடா நிறுத்துடான்னு கத்தனேன் தம்பி. அவனுக்குக் கேக்கவே இல்ல. தொட்டி வேணாம்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. எங்களுக்குத் தண்ணி வேணுமே."

"தெரியும் அண்ணி."

"அவ மூடிட்டு வந்த அன்னிக்கு என் கொட்டாய் வாசல்ல வந்து நின்னா. நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டேன்." வாளிக்குள் ஒரு துண்டைப் போட்டபடி, "அந்தக் குடம் எதுனா கெடைக்குதான்னு பாக்கறேன். அவ தேடுனது" என்றார்.

வாசலில் போய் நின்றதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே, ஏன்? குடத்தைப் பற்றி அண்ணிக்கு யார் சொன்னது? நீ சொன்னபோது மூஞ்சைத் திருப்பிக்கொண்டே கேட்டாரா? அண்ணியிடம் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

குடம் கிடைக்கவில்லை, பத்மா. இருட்டும்வரை இருவரும் தேடினோம்.

தொட்டியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ இருந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டாய், நாலடி தள்ளிக் கட்டச் சொல்லியிருப்பாய். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லாமல் போய்விட்டது. முதல் தண்ணீர் விடுகிற நாளில் அண்ணியோடு நானும் வரிசையில் நிற்பேன். இங்கே முன்பு ஒரு கிணறு இருந்தது, அதைக் கண்டவளும் இவர்களுக்காக மூடியவளும் என் மனைவிதான் என்று குடத்தோடு நிற்கும் ஒவ்வொருவரிடமும் சொல்வேன். கேட்க விருப்பம் இல்லாதவர்களிடமும் சொல்வேன்.

உன் வீட்டுக்காரன்,
கலியபெருமாள்
கடலூர், 2012