வரி முடிவில் இரண்டு தட்டு

இன்று காலை கூடத்தில் பேத்தி சரண்யா கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் கீபோர்டின் அந்த நீளப் பட்டையை இரண்டு முறை தட்டினாள். எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. அன்று இருந்தவர்களைச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள்: நீங்கள், நான், சரண்யா, அவள் அம்மா மல்லிகா, இன்டர்நெட் கொடுத்த எதிர்வீட்டு ஜுலைகா. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுகூட மறக்கவில்லை.

நம் பிள்ளை துபாயிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டர். கடைமடைக்குத் தண்ணீர் எத்தனை நாளில் வரும் என்று கணிக்க, சரண்யா அதில் கணக்கும் குறிப்பும் சேர்த்து எழுதும் ஒரு நோட்புக் போட்டிருந்தாள். ஒரு கட்டத்தில் அவள் கணக்கு, அடுத்த கட்டத்தில் நீங்கள் சொன்ன சேதி. எந்த மதகைத் திறந்தால் எந்த வயல் முதலில் நனையும் என்று ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னீர்கள். அதைக் காட்டித்தான் பெங்களூர் கம்பெனியில் வேலை கேட்க இருந்தாள். கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று மல்லிகா முடிவே செய்திருந்தாள்.

பத்து மணிக்குக் கம்பெனிக்காரர்கள் வீடியோவில் கூப்பிடுவதாக இருந்தது. ஒன்பதரைக்கு நோட்புக்கைத் திறந்தவள் "ஐயோ" என்றாள். உங்கள் வரிகள் அத்தனையும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகக் கிடந்தன. முந்தின நாள்தான் சென்னையில் இருக்கும் உங்கள் தங்கை மகன் பாஸ்கரன், "அனுப்பு, ஒருதரம் பாத்துத் தர்றேன்" என்று வாங்கித் திருப்பி அனுப்பியிருந்தான். போனில் கேட்டதற்கு, "நான் குப்பையத்தான் கூட்டினேன். உனக்கு எழுதத் தெரியல" என்று வைத்துவிட்டான்.

"எழுதுற எடத்துல வரி வரியாத்தான் இருக்கு தாத்தா. ஓட்டிப் பாத்தா ஒட்டிக்குது."

"நல்ல சோறு கஞ்சியான மாதிரியில்ல இருக்கு!" என்றாள் ஜுலைகா. மல்லிகா முறைத்தாள்.

நீங்கள்தான் கேட்டீர்கள்: "ஏம் பாப்பா, வரி முடிஞ்சா ரெண்டு தட்டு தட்டுவியே, அது இருக்கா?"

அவள் வரி முடிவுக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. கடைசியில் இரண்டு வெற்றிடம் விட்டால்தான் அந்த நோட்புக் அடுத்த வரியைக் கீழே இறக்குமாம். கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தைத்தான் அவன் குப்பை என்று துடைத்திருக்கிறான்.

"உங்களுக்கு எப்படித் தாத்தா தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? நீ தட்டுன பெறகுதான நான் அடுத்ததைச் சொல்லுவேன்."

எல்லா வரிக்கும் தட்டி முடித்தாள். அழைப்பு வந்தபோது ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. "இதெல்லாம் யார் சொன்னது?" என்று கம்பெனியிலிருந்து பேசிய அம்மா கேட்டார். "எங்க தாத்தா. இங்கதான் இருக்காங்க" என்றாள். சட்டை போடாத நீங்கள் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தீர்கள்.

வேலை கிடைத்தது. இப்போது ஆறு பேருக்கு அவள் வேலை சொல்கிறாள். தெருவில் யார் விசாரித்தாலும், அவள் படிப்பைச் சொல்லுமுன் அந்த இரண்டு தட்டைக் கேட்டு வைத்திருந்த உங்கள் காதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் கருமாதிக்கு வந்த அந்தத் தங்கை மகன், "அந்த நோட்புக்கை நான்தான் சரி பண்ணிக் கொடுத்தேன்" என்று பந்தியில் சொன்னான். இலை போட்டேன், பாயசம் ஊற்றவில்லை. "விடு புள்ள" என்பீர்கள். துடைத்தது தெரியாமல் செய்தது, விட்டுவிடுகிறேன். நீங்கள் கண்டுபிடித்ததை, நீங்கள் இல்லாத வீட்டில் உட்கார்ந்து தனதென்று சொன்னானே, அதை விட மாட்டேன். பாஸ்கரனை நான் மன்னிக்க மாட்டேன்.