செல்வின் பெயரில் உள்ள மண்ணெண்ணெய் பெர்மிட்

வலியதுறை
12.10.2008

அன்பு மகன் செல்வினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் செபத்தில் உன் பெயரைச் சொல்கிறேன். போன தடவை சொன்ன இருமல் விட்டதா, ஈரத்தலையோடு ஏசி அறையில் படுக்காதே. உன் தங்கை பொன்செல்விக்குக் கழக்கூட்டத்துக் கம்பெனியில் ஷிஃப்ட் மாறிவிட்டது, இப்போது பொழுது இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுகிறாள், எனக்கு அது பெரிய ஆறுதல்.

மக்களே, போனில் பேசினால் அப்பா காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன். நம் வள்ளம் பதினான்கு நாளாக மணலில் கிடக்கிறது. வெளியே விற்கிற விலைக்கு மண்ணெண்ணெய் வாங்கிக் கடலுக்குப் போனால் கிடைக்கிற மீன் எஞ்சினுக்கே சரியாகிவிடும். சர்க்கார் குறைந்த விலைக்குத் தருகிற மண்ணெண்ணெய்க்குப் புது பெர்மிட் கொடுப்பதாகவும், எஞ்சினையும் உடைமைக்காரரையும் நேரில் பார்க்கவேண்டும் என்றும் கோயிலில் அறிவித்தார்கள். எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதல்லவா, நோட்டீசைப் பொன்செல்வி இரண்டு தடவை வாசித்துச் சொல்லியும் பாதிதான் புரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் எல்லோரும் எஞ்சினை வரிசையாக வைத்தார்கள், அப்பாவும் சுமந்துகொண்டு போனார். எஞ்சின் வாங்கின வருசம் அப்பா முதுகு ஒடிந்து கிடந்ததால் அதை உன் பெயரில் எடுத்தோமே, பெர்மிட்டும் உன் பெயர்தான், அதில் உன் போட்டோ. வந்திருந்த ஆபீசரம்மா போட்டோவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது உங்க மோனல்லே, ஆள் எவிடெ" என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "கடலுக்குப் போயிருக்கான்" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நம் துறையில் யார் கடலுக்குப் போகிறார்கள்? பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆபீசரம்மா என்னைப் பார்த்தார். கோயில் முற்றத்தில் நின்றுகொண்டு எனக்குப் பொய் வரவில்லை, மஸ்கட்டில் இருக்கிறான், மூன்று வருசம் ஆயிற்று என்று சொல்லிவிட்டேன். அப்பா எஞ்சினைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. பெர்மிட்டை அப்பா பெயருக்கு மாற்றலாம், ஆனால் நீ இப்போது மீன்பிடிக்கிற ஆள் இல்லை என்று உன் கையெழுத்தில் எழுதித் தரவேண்டும், அதோடு மீனவர் பட்டியலிலும் உன் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று சொல்லி, நிரப்பிக் கையெழுத்துப் போட ஒரு பாரம் தந்தார். வீட்டில் வந்து சொன்னதும் அப்பா, "நாளைக்கு அவன் திரும்பி வந்தா கடலு அவனுக்கு வேண்டாமா, எம் பிள்ளைக்க பேர வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார். பொன்செல்வியோ, அண்ணன் ஏசி மெக்கானிக், இதில் வெட்ட என்ன இருக்கிறது என்கிறாள். அவள் சொல்லும்போது அது சரி என்று தோன்றுகிறது, அப்பா முகத்தைப் பார்த்தால் இது சரி என்று தோன்றுகிறது. கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவி என்கிறார்கள், அதை வாங்க உன்னை இல்லை என்று எழுதவேண்டும் என்றால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

புதன்கிழமை நம் வள்ளத்து ஆள் மரியலூயிஸ் வந்து, வேறு வள்ளத்துக்குப் போகட்டுமா என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். மறுநாள் அப்பாவே விழிஞ்ஞத்து மைதீன் வள்ளத்தில் கூலிக்குப் போய்விட்டு வந்தார். சொந்த வள்ளம் வைத்திருக்கிறவர், இன்னொருவர் சொன்ன இடத்தில் வலை இழுத்துவிட்டு வந்து சோறுகூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். நேற்று அந்தப் பாரத்தை அவரே எடுத்து, தான் போடவேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு என் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். அனுப்பு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதை இதோடு வைத்திருக்கிறேன். நீ போடவேண்டிய இடத்தில் பொன்செல்வி பென்சிலால் குறித்திருக்கிறாள். பழைய பெர்மிட்டில் உள்ளதுபோல மலையாளத்தில் முழுப்பெயரும் போடு, இங்கிலீஷில் கிறுக்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாதா உன்னை எந்த ஆபத்தும் அண்டாமல் காக்கட்டும். இன்னொன்று. அன்றைக்கு ஆபீசரம்மா பேனாவை மூடிக்கொண்டே என்னிடம், மகன் திரும்பி வருவானா என்றும் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அதை மட்டும் அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

உன் அம்மா,
திரேசம்மாள் தாசையன்