படகில் நான் சொன்ன எண்

ஜூன் 14, சனி
நேப்பிள்ஸ். நல்ல வெயில், ஆனால் வியர்க்கவில்லை. ஆம்பூரில் இந்நேரம் ஃபேன் காற்றே சுடும்.

சாம்பிள் மீட்டிங் முடிந்தது. பதினொரு மாடலில் எட்டு ஓகே. ஒன்றுக்கு பக்கிள் மாற்ற வேண்டும். இரண்டு வேண்டாமாம்.

பாவ்லோ (எங்கள் செருப்பை வாங்கி இங்கே கடைகளுக்குப் போடுகிறவர்) நாளைக்குத் தனிப் படகு ஒன்றை முழு நாளுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார். தீவுகளைச் சுற்றிக் காட்டப் போகிறாராம். எம்.டி. இம்தியாஸ் பாய்க்குத் தலைகால் புரியவில்லை. "படகுல கூப்டுறான்னா ஆர்டர் நம்பளுதுன்னு அர்த்தம் மா லில்லி. இன்னா போட்டுக்கினு வருவ? சாரி கீரி கட்டிக்கினு வந்துடாத, காத்துல பறக்கும்."

எடுத்துக்கொள்ள வேண்டியவை:
நேவி ப்ளூ சுடிதார் (உப்புத் தண்ணீர் பட்டாலும் தெரியாது)
வாந்தி மாத்திரை 2
துப்பட்டாவுக்கு பின் 4
ஷீபாவின் கூலிங் கிளாஸ்
குடை? வேண்டாம், சிரிப்பார்கள்

ஷீபா போனில்: "மம்மி, ஃபோட்டோ எடுக்காம வந்தீங்கன்னா கதவைத் திறக்க மாட்டேன்." வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "நீச்சல் தெரியாதுன்னு முன்னாடியே சொல்லிடு." இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்ன உருப்படியான யோசனை.

ஜூன் 15, ஞாயிறு
தரை இன்னும் ஆடுகிறது. கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், கட்டிலும் ஆடுகிறது.

இன்று சர்ச் ஆராதனை இல்லை. கடல்.

காலை ஒன்பதுக்கு படகுத்துறை. படகு நான் நினைத்ததைவிடச் சின்னது. வெள்ளை, உள்ளே தேக்குப் பலகை. ஓட்டுகிறவர் பெயர் சால்வோ. பாவ்லோ, அவர் மனைவி கிளாரா, எம்.டி., நான். ஐந்தே பேர். ஏறும்போதே சால்வோ ஒரு பிரம்புக் கூடையைக் காட்டினார். எல்லோரும் செருப்பைக் கழற்றி அதில் போட வேண்டும். தேக்கில் கீறல் விழக் கூடாதாம்.

என் குதிகால். வெடிப்பு. இருபது வருடமாகச் செருப்புக் கம்பெனி, ஊர் உலகத்துக்கெல்லாம் கால் அழகு பார்க்கிறவள், என் காலுக்கு ஒரு க்ரீம் தடவ நேரமில்லை. கிளாராவின் பாதம் குழந்தைப் பாதம் மாதிரி. என் காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். இன்றைக்குப் படப்போகிற வெட்கம் இவ்வளவுதான் என்று அப்போது நினைப்பு.

பழக்கம் விடுமா. கூடையில் செருப்பைப் போடுகிறவள் மற்றவர்களுடையதையும் பார்க்கிறேன். டேன் கலர், இரண்டு பட்டை, பக்கத்தில் சின்ன பக்கிள். எங்கள் செருப்பு. மார்ச் மாத லாட். கிளாராவுடையது. கையில் எடுத்துத் திருப்பினேன். முன்பக்கம் வாய் பிளந்து நிற்கிறது. அடி அட்டை வேறு, மேல் வேறு.

யாரும் பார்க்கவில்லை. அதைக் கூடைக்கு அடியில் திணித்து எம்.டி.யின் ஷூவை மேலே வைத்தேன்.

மார்ச்சில் நடந்தது எனக்குத் தெரியும். இதுவரை இங்கே எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன். அந்த லாட்டுக்குக் கடைசி செக்கிங் சகுந்தலா. குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர், பத்தொன்பது வருட சர்வீஸ். ஒவ்வொரு செக்கருக்கும் ஒரு நம்பர் ஸ்டாம்ப் உண்டு. பார்த்துத் திருப்தியானால் உள் லைனிங்கில் ஒரு குத்து. சகுந்தலாவுடையது 27. அன்று கட்டை விரலால் அடியை நெம்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டு நிக்கல மேடம். பசை காயல. ராத்திரி வச்சி காலைல பாக்கலாம்" என்று ஸ்டாம்பை டிராயரில் வைத்துவிட்டு ஐந்தரை பஸ்ஸுக்குப் போய்விட்டார். வெளியே கன்டெய்னர் நிற்கிறது. மறுநாள் கப்பல். டிராயர் சாவி ஆணியில் தொங்கும், எல்லோருக்கும் தெரியும். நானே உட்கார்ந்து குத்தினேன். ஒரு லாட் முழுக்க. 27, 27, 27.

மறுநாள் வந்தவர் காலி ரேக்கைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததை நல்லது என்று எடுத்துக்கொண்டேன்.

படகு. முதலில் ப்ரோசிடா தீவு. கரையில் மஞ்சள், ரோஸ், இளநீல வீடுகள், துணி காயப்போட்டதுபோல் வரிசையாக. தண்ணீர் அடி வரைக்கும் தெரிகிறது. எம்.டி. வீட்டுக்கு வீடியோ கால் போட்டு உருதுவில் கத்திக்கொண்டே வந்தார், கடல் முழுக்க அவர் குரல். அப்புறம் இஸ்கியா பக்கம் நங்கூரம். சாப்பாடு: தக்காளி, பாலாடைக் கட்டி, ரொட்டி, எலுமிச்சை பிழிந்த மீன். எம்.டி. ஒவ்வொன்றையும் காட்டி "போர்க்?" என்று கேட்டார். சால்வோ ஒவ்வொன்றுக்கும் நெஞ்சில் கை வைத்து இல்லை என்றார். ஒயின் எனக்கு வேண்டாம் என்றேன். எலுமிச்சை சோடா.

மாத்திரை வேலை செய்தது. வாந்தி இல்லை. நன்றாக இருந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஐஸ்கிரீம் வாங்கக் கரைக்குப் போகலாம் என்று கிளாரா கூடையைக் கிளறினார். செருப்பு வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்ததும் அடி அட்டை பட் பட் என்று அடிக்கிறது. கிளாராவுக்கு ஒரே சிரிப்பு. சால்வோவும் சிரித்தார். பாவ்லோ சிரிக்கவில்லை. செருப்பை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, உள்ளே பார்த்தார். இந்த மாடலில் கடைகளிலிருந்து நிறையத் திரும்பி வருகிறது, இன்று பேச வேண்டாம் என்றிருந்தேன் என்றார். பிறகு, இந்த இருபத்தேழு யார்?

எம்.டி. சிரித்த முகம் மாறாமல் என் பக்கம் திரும்பித் தமிழில்: "யாரு பேரையாச்சும் சொல்லிடு மா. இவனுக்கு ஒரு ஆளு வேணும், அவ்ளோதான். முடிச்சி வுடு." அந்தக் கடலில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான்தான் சார் அது என்று அவரிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். யாருக்கும் புரிந்திருக்காது.

பாவ்லோவிடம் நான் சொன்னது: அவங்க ரொம்ப சீனியர். வயசாயிடுச்சு. இப்போ கண் பார்வை சரியில்லை.

நல்ல இங்கிலீஷில், தடுமாறாமல். சகுந்தலாவுக்கு வயது நாற்பத்தெட்டு. என்னைவிட ஐந்து வயது மூத்தவர்.

கிளாரா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் தெரியாதவரையும் வேலையில் வைத்திருக்கிறீர்களே, எவ்வளவு நல்ல மனது என்றார். பாவ்லோ தலையாட்டினார். ஆனால் என் சரக்கில் இனி அந்த எண் வேண்டாம், என்ன காரணம், என்ன நடவடிக்கை என்று பத்து நாளில் ரிப்போர்ட் அனுப்புங்கள் என்றார். பேச்சு முடிந்தது. இன்னொரு பாட்டில் திறந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் தண்ணீரில் இறங்கினேன். அதையும் எழுத வேண்டும். லைஃப் ஜாக்கெட் கட்டி, ஏணியைப் பிடித்து, கிளாரா இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள, சுடிதாரோடு. தண்ணீர் தூக்கிக்கொண்டது. சிரித்தேன். வாய் விட்டு. எம்.டி. மேலே இருந்து ஃபோட்டோ எடுத்தார். பொய் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஜூன் 17, செவ்வாய்
விமானம், பெங்களூரு, கார், ஆம்பூர். மழை தூறல். பெட்டி இன்னும் பிரிக்கவில்லை.

ஷீபா ஃபோட்டோவைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். நாற்பத்தாறு ஹார்ட். சின்ன நாத்தனார்: "கொடுத்து வச்சவங்க அண்ணி." நான் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினேன்.

ஜூன் 18, புதன்
ஃபாக்டரி. சகுந்தலா தன் மேசையில். விளக்கை இழுத்து, ஜோடியைத் திருப்பி, கட்டை விரல், குத்து. "வந்துட்டீங்களா மேடம்! கருத்துட்டீங்க. கடல்லாம் சுத்தனீங்களாமே?" நோட்டீஸ் போர்டில் யாரோ என் படகு ஃபோட்டோவை பிரின்ட் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஹெச்.ஆர். பையன் வேலையாக இருக்கும்.

எம்.டி.யிடம் சொல்லப் போனேன். போனேன், நிஜமாகவே. கதவைத் தட்டினேன். வாயில் வந்தது வேறு: "சார், சகுந்தலாவுக்கு ஐ டெஸ்ட் எடுத்துடலாமா?" கண்ணாடி போட்டுக்கொடுத்தால் விஷயம் அதோடு முடிந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்கு. எம்.டி. சந்தோஷப்பட்டார். "அச்சா ஐடியா. ரிப்போர்ட்ல போட நல்லாருக்கும்."

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமை. கம்பெனி வண்டி. லெட்டரில் என் கையெழுத்து.

ஜூன் 20, வெள்ளி
தோல் சரக்கு இரண்டு நாள் லேட். ராணிப்பேட்டைக்காரனோடு சண்டை. தொண்டை கட்டிவிட்டது.

நாலு மணிக்கு சகுந்தலா நேராக என் டேபிளுக்கு. கையில் ஃபைல், முகமெல்லாம் சிரிப்பு. "கண்ணு ரொம்ப நல்லாருக்காம் மேடம். கண்ணாடிகூட வேணாமாம். கடைசி லைன் வரிக்கும் படிச்சேன், டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டாங்க. நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே. எங்க வூட்ல யாரு என்னிய இந்த மாதிரி பாக்கறாங்க?" ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனார். வேலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வேர்க்கடலை. பிரிக்கவில்லை. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன்.

எம்.டி. கண் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படித்தார். படித்துவிட்டு மேசையில் தட்டினார். "கண்ணு நல்லாருக்கா? அப்போ இன்னா மா, பாத்தே பாஸ் பண்ணியிருக்கா. அது இன்னும் பேஜார். மெமோ ரெடி பண்ணு. செக்கிங்லேர்ந்து எடுத்து நூல் கட்டிங்ல போட்டுடு. அதான் ஆக்‌ஷன். பாவ்லோவுக்கு காப்பி அனுப்பலாம்." நூல் கட்டிங் என்றால் புதிதாகச் சேர்ந்த பெண்களோடு தரையில் உட்கார்ந்து பிசிறு நறுக்குவது.

கண்ணாவது கெட்டிருக்கக் கூடாதா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இதையும் நான்தான் நினைத்தேன், வேறு யாரும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு
வெயில். சர்ச். எனக்குத் தெரியாமல் வீட்டுக்காரர் ஸ்தோத்திரக் காணிக்கை கவர் போட்டிருக்கிறார். போதகர் ஐயர் மைக்கில் வாசித்தார்: தூர தேசத்தில் கடலின்மேல் பத்திரமாகக் காத்து, காரியங்களை ஜெயமாக முடியப்பண்ணின கிருபைக்காக சகோதரி லில்லி குடும்பத்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். பக்திக்குக் குனிந்தேன் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மத்தியானம் பிரியாணி. ஒரு கைகூட இறங்கவில்லை. "கடல் காத்து ஒத்துக்கல" என்றார் வீட்டுக்காரர். அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் படகு ஃபோட்டோவை ஃப்ரேம் போட அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

மெமோ டைப் செய்தேன். பதினாறு வரி. இங்கிலீஷ். எழுத்துப்பிழை இல்லை.

ஜூன் 23, திங்கள்
காலையிலிருந்து மெமோ டிராயரில். பதினொரு மணி: கொடுக்கவில்லை. இரண்டு மணி: எம்.டி. போன், "குடுத்தாச்சா?" குடுக்கிறேன் சார். ஐந்து மணிக்குக் கூப்பிட்டு அனுப்பினேன்.

சகுந்தலா நின்றுகொண்டே வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்கிலீஷ்ல கீது மேடம். இன்னான்னு படிச்சிச் சொல்லுங்க."

ஹெச்.ஆர். பையனைக் கூப்பிட்டிருக்கலாம். நானே வாங்கிப் படித்தேன். தமிழில், வரி வரியாக. மார்ச் மாத லாட்டில் அடி ஒட்டாத செருப்புகள் உங்கள் 27ஆம் எண் முத்திரையோடு போயிருக்கின்றன. பரிசோதனையில் உங்கள் பார்வையில் குறை இல்லை என்று தெரிகிறது. ஆகவே இது உங்களுடைய கவனக்குறைவு.

அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். "சகுந்தலா, அது நீங்க குத்தினது இல்ல" என்றேன்.

"தெரியும் மேடம்."

சாதாரணமாகச் சொன்னார். "மறுநாளு உங்க வெரல்ல மை இருந்திச்சி. கழுவியும் போவல. நீங்களே சொல்வீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். கண்ணு டெஸ்டுக்கு அனுப்பனப்போ, சரி, மனசு கேக்காம இன்னாவோ நல்லது செய்யறாங்க, அதோட போவட்டும்னு வுட்டேன்."

கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஐந்தரை.

"இத்த வாங்கலன்னா இன்னா ஆவும்?"

"வாங்க மறுத்தாங்கன்னு எழுதி, ரிஜிஸ்டர் தபால்ல வீட்டுக்கு அனுப்புவாங்க."

"வூட்டுக்கு வேணாம் மேடம். மாப்ள வந்துகிறாரு." மேசையில் இருந்த என் பேனாவை எடுத்துக்கொண்டார். "எங்க கையெழுத்துப் போடணும்?"

விரல் வைத்துக் காட்டினேன்.