பழைய ஃப்ரிட்ஜுக்கு ஒரு விரல் வணக்கம்

ஜூலை 7, கில்காண்ட்ரா

பேரரசி தயார். பதினெட்டு வருடம் ரொட்டி சுமந்த வண்டி. கட்டில், அடுப்பு, அலமாரி, மடக்கு மேசை எல்லாம் என் கையால் போட்டது. இந்த மாவட்டத்தில் இப்படி ஒரு வீட்டு வேன் கிடையாது. பக்கத்து மாவட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நாளை லொரெலும் நானும் கிளம்புகிறோம். என் அக்கா மகள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், இப்போது லீவு. "பாதி தூரம் நான் ஓட்டறேன் க்ளாரி மாமா" என்றாள். "நீ பிள்ளைங்கள ஓட்டு. பேரரசிய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

இதை எழுதத் தடித்த பேனா ஒன்று வாங்கியிருக்கிறேன். என் கைக்குப் பெரிய எழுத்துதான் எடுப்பு.

எழுபத்தைந்து ஆனால் லைசென்ஸுக்கு டாக்டர் கையெழுத்து வேண்டுமாம், கண் சோதனையோடு. 25ஆம் தேதி கெடு. நாற்பத்தொரு வருடம் ஆட்டு லாரி ஓட்டியவனுக்குக் கண் சோதனை! தாளை முன்பெட்டியில் மேப்புக்கு அடியில் சொருகிவிட்டேன். லொரெல் அங்கே கை வைக்க மாட்டாள்.

ஜூலை 8, கூனாம்பிள்

ஒரு குறையுமில்லை. எதிரே வந்த அத்தனை வண்டிக்கும் விரல் தூக்கி வணக்கம் சொன்னேன். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கக் கூடாது, ஆள்காட்டி விரல் மட்டும் எழும்ப வேண்டும். எங்கள் பக்கத்தில் இதைச் செய்யாதவன் ஒன்று சிட்னிக்காரன், இல்லை செத்தவன்.

ஜூலை 9, பில்லிகா

எங்கிருந்து ஆரம்பிப்பது? காலையிலிருந்தே.

வீட்டு வேன்கள் ராத்தங்கும் பூங்காவிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பினேன். பத்தடி போனதும் பின்னால் ஒரே கூச்சல். பல் தேய்க்கும் பிரஷோடு, குளிர் கோட்டோடு, ஒரு கிழவியம்மா ஓடி வருகிறார். "அய்யா! ஊர் கரண்டையே இழுத்துக்கிட்டுப் போறீங்களே!" கரண்ட் வயரைக் கழற்ற மறந்திருக்கிறேன். கம்பத்திலிருந்த பெட்டி வயரோடு வந்துவிட்டது. உள்ளே அலமாரி திறந்து பன்னிரண்டு முட்டையும் லொரெலின் படுக்கையில். "எனக்குக் காலைச் சாப்பாடு படுக்கையிலேயே வேணும்னு நான் எப்ப மாமா கேட்டேன்?" என்றாள்.

பூங்காக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, பெட்டியைத் திரும்ப மாட்டிக் கொடுத்தேன். பழையதைவிட நன்றாக. அவரே சொன்னார். ஏறக்குறைய சொன்னார்.

பிறகு, குளிர்கால ஜூலைக்கு, நல்ல வெயில். பனி விலகிக் கோதுமை வயலெல்லாம் பச்சை. லொரெல் இறைச்சி அடைத்த 'பை' பலகாரம் வாங்கி வந்திருந்தாள், சாஸ் வழிய வழியச் சாப்பிட்டுக்கொண்டே ஓட்டினேன். எதிரே ஒரு வெள்ளை வேன். விரல் தூக்கினேன். பதில் இல்லை. இன்னொரு தரம் தூக்கினேன்.

"மரியாதை தெரியாத பய" என்றேன்.

"யாரு மாமா?"

"இப்பப் போனானே, வெள்ளை வேன்காரன்."

லொரெல் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அது வேன் இல்ல மாமா. பழைய ஃப்ரிட்ஜ். பண்ணை வாசல்ல லெட்டர் பெட்டியா நட்டு வச்சிருக்காங்க."

"தெரியும். தபால்காரருக்கும் மரியாதை செய்யணும்ல?"

அவள் பலகாரத்தைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு ரோட்டையே பார்க்க ஆரம்பித்தாள்.

பில்லிகாவுக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும்போதுதான் மாடுகள். முன்னூறு மாடு இருக்கும். ரோட்டோரப் புல்லில் மேய்த்துக்கொண்டு ஊர் ஊராக ஓட்டிப்போகிற கூட்டம். ரோட்டையே அடைத்து நின்றது. லொரெல் "மாமா! பிரேக்!" என்று கத்தினாள். என் கால் மின்னலாக இறங்கியது. வேறு எவனாக இருந்தாலும் இடித்திருப்பான். முன்னால் ஒரு கன்றுக்குட்டி. அதன் மூச்சு கண்ணாடியில் புகையாகப் படிந்தது.

மாட்டுக்காரர் குதிரையில் வந்தார். "ரெண்டு கிலோமீட்டருக்கு முன்னாலயே போர்டு வச்சிருக்கேன் பெரியவரே. மஞ்சக் கலர்ல, கதவு அகலத்துக்கு. உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

நான் சொன்னேன்: "தெரியாதுங்க. படிப்பு வரல. ஆறாவதோட நின்னுட்டேன்."

அவர் முகம் மாறிவிட்டது. தொப்பியைக் கழற்றினார். "சரி சரி. பாத்துப் போங்க" என்றார்.

அதன் பிறகு, பில்லிகா வரை, மணிக்குப் பத்து கிலோமீட்டரில்தான் ஓட்டினேன்.

பில்லிகாவில் சூட்டு நீர்த் தொட்டி. பூமிக்கு அடியிலிருந்து தானாக வருகிற தண்ணீர், காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறங்கலாம். வெளியே காது விறைக்கிற குளிர், கழுத்துக்குக் கீழே சொர்க்கம். முழங்காலில் முப்பது வருடமாக இருந்த வலி மூன்று நிமிடத்தில் போய்விட்டது. இது மட்டும் சத்தியமான உண்மை.

தொட்டியில் யார் என்றால், காலையில் பிரஷோடு ஓடிவந்த அம்மா! பெயர் மேவிஸ், எண்பத்தொன்று, தனியாக ஒரு சின்ன வேனில் சுற்றுகிறார்.

"கம்பத்த எங்க வச்சிருக்கீங்க? வண்டிக்குள்ளயா?" என்று ஆரம்பித்தார். லொரெல் சிரித்தாள், மாட்டுக்குப் பிறகு முதல் தடவையாக.

நான் தொட்டி விளிம்பைத் தடவித் தடவி உட்காருவதைப் பார்த்துவிட்டு மேவிஸ் சொன்னார்: "எனக்கும் எல்லாம் பால் கலந்த மாதிரிதான் தெரிஞ்சுது. லைட்டச் சுத்தி வளையம் வேற."

"எனக்கு அப்படி எதுவும் இல்லீங்க" என்றேன்.

"உங்களக் கேக்கலையே நான்."

மேவிஸ் வெந்நீரை அள்ளித் தோளில் விட்டுக்கொண்டார்.

"டாக்டர் கண்ணப் பாத்தா சாவியப் பிடுங்கிடுவார்னு ரெண்டு வருஷம் ஒளிஞ்சு திரிஞ்சேன். வெறும் கண்புரை. கால் மணி நேர ஆபரேஷன். வீட்டுக்கு வந்து பாத்தா என் அடுப்படி இருந்த லட்சணம்! அடப்பாவிகளா, இந்த அழுக்குலயா சமைச்சுப் போட்டேன்னு வந்து போன எல்லாருக்கும் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன்."

நான்தான் அதிகம் சிரித்தேன். துண்டை எடுக்கப் போனபோது படியைக் காணோம். கால் துழாவியது. லொரெல் கையைப் பிடித்தாள்.

வேனுக்கு நடக்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "படிப்பு வராதுன்னா சொன்னீங்க? லாரியில என்னைப் பக்கத்துல உக்கார வச்சு, ரோட்டு போர்டப் பாத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக் குடுத்தது யாரு?"

பேரரசியின் கதவைத் திறந்து அவளை முதலில் ஏறவிட்டேன்.

ஜூலை 10, பில்லிகா, காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். முன்னூறு மாடு இல்லை. நாற்பது இருக்கும் என்கிறாள் லொரெல். அந்த நாற்பதையும் நான் பார்க்கவில்லை. மர நிழல் என்று நினைத்தேன். பிரேக் போட்டது அவள் குரலுக்கு.

மஞ்சள் பலகையையும் பார்க்கவில்லை. கண் தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதில் படிக்காத முட்டாள் என்று ஒரு அந்நியனிடம் சொன்னேன். நான்! ஊரெல்லாம் பெருமை பேசுகிற நான். அந்தக் கன்று... ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருந்தால்? இவள் தினம் நாற்பது பேரை ஏற்றி இறக்குகிறாள்.

மேப்புக்கு அடியிலிருந்து தாளை எடுத்து அவளிடம் கொடுத்தேன். சாவியையும்.

திட்டுவாள் என்று நினைத்தேன். வாசித்தாள், மடித்தாள். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "மூணாவது கியர் கொஞ்சம் முரண்டு பண்ணுமா மாமா?"

"பண்ணும். பேர் சொல்லிக் கூப்பிட்டா விழும்" என்றேன். உண்மையாகவே விழுந்தது.

ஜூலை 24, கில்காண்ட்ரா

டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19

லைசென்ஸ் இல்லாமல் இருபத்தைந்து நாள். பேரரசி வாசலில் நிற்கிறாள். தினம் இஞ்சினைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து டீ குடிக்கிறேன். ஆபரேஷனுக்கு வரிசையில் பெயர் இருக்கிறது. யாரோ ஒருவர் பயந்து பின்வாங்கினால் என்னைக் கூப்பிடுவார்களாம். யாராவது பயப்பட வேண்டுமே என்று வேண்டிக்கொள்வது பாவமா?

செப்டம்பர் 16

வலது கண் முடிந்தது. கொஞ்சமும் பயப்படவில்லை. நர்ஸ் கையை மூன்று பேர் விடுவிக்க வேண்டியிருந்தது என்பது மிகைப்படுத்தல். இரண்டு பேர்தான்.

அக்டோபர் 2, பில்லிகா

லொரெலுக்கு மறுபடி லீவு. அவள்தான் ஓட்டினாள். இடது கண் அடுத்த மாதம், அதற்குப் பிறகுதான் டாக்டர் பேசுவார். தருவாரோ மாட்டாரோ. இந்தக் குறிப்பைச் சாதாரணப் பேனாவில், கோட்டுக்குள் எழுதுகிறேன்.

கிளம்பும் முன் வயரைக் கழற்றியதை இரண்டு தடவை பார்த்தேன்.

அந்த ஃப்ரிட்ஜ் வந்தது. அதன் கதவில் ஒரு கூக்கபரா வரைந்திருக்கிறார்கள், வாய் நிறையப் பல்லோடு. யாரோ குழந்தையின் வேலை. பறவைக்குப் பல்! நூறு அடி தூரத்திலேயே பார்த்துவிட்டேன். லொரெல் ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்கினாள்.

"இன்னிக்கும் திருப்பிக் காட்டல பாருங்க மாமா. மரியாதை தெரியாத பய."

நானும் தூக்கினேன்.

பில்லிகா திருப்பத்துக்கு முன்னால் மஞ்சள் பலகை. லொரெல் வாயைத் திறப்பதற்குள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாகப் படித்தேன். அவள் வண்டியை ஓரம் கட்டினாள். வேறு கூட்டம், வேறு மாட்டுக்காரர். மாடுகள் சாவகாசமாகக் கடந்து போகும் வரை உட்கார்ந்து எண்ணினேன்.

அறுபத்தேழு. ஒன்றுகூடச் சேர்த்து எழுதவில்லை.